உம்மாவின் சக்கர நாற்காலி

ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழ்பவர்களுக்குத்தான் சமதரையின் அருமை தெரியும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் எங்கே கால் வைத்தாலும் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். லயங்களைக்கூட மேட்டு லயம், பணிய லயம் என்றுதான் அழைக்கிறோம். லயத்து வாசலில் ஒரு கான், கானுக்கு மேல் ஒரு பலகைக் கல், அதைத் தாண்டினால் இஸ்தோப்புக்கு ஏற மூன்று படிகள். நடக்கிறவர்களின் கண்ணில் இவை படுவதே இல்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ ஒவ்வொன்றும் ஒரு கேள்வி.

என் உம்மா ஐந்து வருடங்களாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். ஒரு மழைநாளில் வீட்டுப் பின்படியில் வழுக்கி விழுந்ததில் முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் இல்லாமற் போயின. தோட்டச் சந்தியில் வாப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை. கடைக்குப் பின்னால் எங்கள் வீடு. உம்மா தையல்காரி. தோட்டத்துப் பிள்ளைகளின் பாடசாலைச் சீருடைகளையும், பெருநாளுக்கும் தீபாவளிக்கும் உரிய உடுப்புகளையும் தைப்பவர். காலால் மிதிக்கும் மெஷினைக் கையால் சுற்றுவதாக மாற்றிக்கொண்டு இன்றும் தைக்கிறார். இந்தக் கட்டுரை அவருடைய நோயைப் பற்றியதன்று, அவருடைய கதிரையைப் பற்றியது.

எங்கள் பக்கத்தில் "ஏலாது" என்று ஒரு சொல் இருக்கிறது. உம்மா வீட்டுக்கு வந்த புதிதில் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சொல்லைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். "பாவம், இனி இவவால ஒண்டும் ஏலாது." பத்து முழம் தள்ளினால் களைத்துப் போகிறார், ஏலாது. உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாய்கிறார், ஏலாது. சரிவைக் கண்டால் பயப்படுகிறார், ஏலாது. இந்த ஐந்து வருடங்களில் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான். ஒருவருக்கு ஏலாது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னர் அவருடைய கதிரையைக் குனிந்து பார்க்க வேண்டும். பல நேரங்களில் ஏலாமை உடம்பில் இருப்பதில்லை, ஒரு நட்டில் இருக்கிறது, ஒரு டியூபில் இருக்கிறது.

முதலில் சாய்ந்து உட்கார்ந்த கதையைச் சொல்கிறேன். உம்மாவுக்குக் கிடைத்தது அன்பளிப்பாக வந்த மடக்குக் கதிரை. இருக்கையின் அகலம் 18 அங்குலம். உம்மா மெலிந்தவர். இரண்டு பக்கமும் ஒரு கை நுழையும் அளவுக்கு வெற்றிடம் இருந்தது. இருக்கைத் துணியும் தொய்ந்து தூளி போலக் குழிந்திருந்தது. குழியில் உட்கார்ந்தால் முழங்கால்கள் இரண்டும் ஒன்றையொன்று முட்டும், இடுப்பு ஒரு பக்கம் சரியும், முதுகும் அதன் பின்னாலேயே வளையும். கிளினிக்கில் இருந்த இயன் மருத்துவர் இதைப் பார்த்ததும் உம்மாவைத் தொடவில்லை, கதிரையைத்தான் தொட்டார். இருக்கை, இடுப்பின் அகலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். கால்தாங்கி அதிக உயரத்தில் இருந்தால் தொடை மேலே தூக்கி, உடற்பாரம் முழுவதும் பிட்டத்து எலும்பில் இறங்கும். அதிகம் தாழ்ந்தால் கால் தொங்கி, உடம்பு முன்னே வழுகும். தொடை முழுவதும் மெத்தையில் படிந்திருப்பதே சரியான அளவு. இவற்றைச் சொல்லிக்கொண்டே கால்தாங்கியின் போல்டைத் தளர்த்தி, இரண்டு அங்குலம் உயர்த்தி, மீண்டும் இறுக்கினார்.

இருக்கைத் துணியை உம்மாவே தைத்தார். தடித்த கன்வஸை இரண்டாக மடித்து, விளிம்பில் மூன்று வரிசைத் தையல் போட்டு, பழைய துணியின் ஓட்டைகளுக்கு நேராக ஓட்டை வைத்து, ஸ்குரூ போட்டு இழுத்துப் பூட்டினோம். அகலத்தைக் குறைக்க முடியாது என்பதால் இரண்டு பக்கமும் கெட்டியான பஞ்சுத் திண்டு வைத்தோம். அன்றைக்கே உம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலாவது ஏலாது அத்துடன் முடிந்தது.

மெத்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது உயிரோடு சம்பந்தப்பட்டது. உணர்வில்லாத உடம்புக்கு வலிக்காது. வலிக்காததால் அசைய வேண்டும் என்ற எண்ணமும் வராது. ஒரே எலும்பு ஒரே இடத்தில் மணிக்கணக்காக அழுத்தினால் அங்கே இரத்த ஓட்டம் நின்று, தோல் செத்து, புண்ணாகும். படுக்கைப்புண் என்று நாம் சொல்வது படுக்கையில் மட்டும் வருவதில்லை. கதிரையிலும் வரும், எலும்பு வரை போகும், உயிரையும் எடுக்கும். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. உட்கார்ந்திருப்பவரின் பிட்டத்து எலும்புக்கு நேர்கீழே, மெத்தைக்கு மேலாக, உள்ளங்கை மேல்நோக்கி இருக்குமாறு விரல்களை நுழைக்க வேண்டும். விரல் நுனியைக் கொஞ்சம் மேலும் கீழும் அசைக்க முடிந்தால் மெத்தை நல்லது. அசைக்க முடியாமல் இழுத்தெடுக்க மட்டும் முடிந்தால் எச்சரிக்கை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே விரல் நசுங்கினால் அந்த மெத்தையில் அவர் ஒரு நாளும் உட்காரக் கூடாது. மாதத்துக்கு ஒரு முறை இந்தச் சோதனையை நான் செய்கிறேன். இத்துடன் உம்மா அரை மணித்தியாலத்துக்கு ஒரு முறையாவது முன்னுக்கும் பக்கத்துக்கும் சாய்ந்து எலும்புக்கு ஓய்வு கொடுக்கிறார். இரவில் தோலைப் பார்க்கிறோம். அழுத்தம் நீங்கிய பின்னரும் மறையாத சிவப்போ கருமையோ தெரிந்தால், அது ஆறும் வரை அந்தப் பக்கத்துக்குப் பாரம் இல்லை.

இரண்டாவது ஏலாது, களைப்பு. தள்ளுவதற்குக் கஷ்டமாக இருக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது காற்று. பெருவிரலால் டயரை அழுத்திப் பாருங்கள். ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் அமிழ்ந்தால் காற்றுப் போதாது. காற்று குறைந்த டயர் தரையைக் கவ்விப் பிடிக்கும். கை எவ்வளவு உழைத்தாலும் கதிரை நகராது. அத்துடன் இன்னோர் ஆபத்தும் உண்டு. சாதாரணக் கதிரையின் பிரேக் டயரை வெளியிலிருந்து அழுத்தித்தான் நிறுத்துகிறது. டயர் மெலிந்தால் பிரேக் அதை எட்டாது. சரிவில் பிரேக்கைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தால் கதிரை தானாக நகரும். பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லி உடனே ஸ்பேனரை எடுக்கக் கூடாது. முதலில் காற்றடிக்க வேண்டும். அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால்தான் பிரேக்கின் போல்டைத் தளர்த்தி, முழுப் பிரேக்கையும் சில்லின் பக்கமாகச் சற்று நகர்த்தி இறுக்க வேண்டும். இன்னொன்று: அது நின்ற கதிரையை நிற்க வைக்கும் பிரேக். ஓடும் கதிரையின் வேகத்தைக் குறைப்பதற்கு அதைப் பாவித்தால் கதிரை குடைசாயும்.

காற்று சரியாக இருந்தும் கதிரை ஒரு பக்கமாக இழுத்தால் முன்னாலுள்ள சின்னச் சில்லுகளைப் பார்க்க வேண்டும். உம்மாவின் கதிரையில் இது அடிக்கடி வரும். காரணம் அவருடைய தொழில்தான். தரையில் விழுந்த நூலெல்லாம் சின்னச் சில்லின் அச்சில் சுற்றிக்கொள்ளும். தலைமுடியும் அப்படியே. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கழற்றிப் பார்த்தால் சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாக ஒரு மாதத் தையல் முழுவதும் அங்கே உருண்டிருக்கும். "மகள், சில்லு முனகுது, கேக்குதா?" என்று உம்மா கேட்டால் நான் தையல் பிரிக்கும் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். நூலை வெட்டி எடுத்து, அச்சைத் துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் கூடாது. அது நாளடைவில் பிசினாகித் தூசியைச் சேர்க்கும். டயரிலும் பிரேக்கிலும் எந்த எண்ணெயும் படவே கூடாது.

மூன்றாவது ஏலாது, பயம். இதற்கு விடை பெரிய சில்லின் அச்சில் இருந்தது. எங்கள் கதிரையில் அந்த அச்சைப் பொருத்த ஒன்றன்பின் ஒன்றாக மூன்று துளைகள் உள்ளன. முன் துளையில் பொருத்தினால் பாரம் பெரிய சில்லின் மேல் விழும். முன்பக்கம் இலேசாகி, தள்ளவும் திருப்பவும் சுகமாக இருக்கும். ஆனால் ஏற்றத்தில் கதிரை பின்னால் கவிழப் பார்க்கும். பின் துளையில் பொருத்தினால் தள்ளுவது சற்றுக் கடினம், ஆனால் கவிழாது. கொழும்புத் தரைக்கு முன் துளை பொருந்தலாம். எங்கள் தோட்டத்து ரோட்டுக்குப் பின் துளைதான். கால் அகற்றப்பட்டவர்களுக்கும் அச்சு பின்னால் இருப்பதே பாதுகாப்பு, ஏனெனில் முன்பக்கத்தை அமிழ்த்திப் பிடித்திருந்த காலின் பாரம் அவர்களுக்கு இல்லை. அச்சை மாற்றினால் பிரேக்கையும் மாற்றிப் பூட்ட வேண்டும். இது மறக்கக் கூடாத விடயம். செங்குத்தான இறக்கத்தில் துணைக்கு வருபவர் கதிரையைத் திருப்பி, தான் கீழே நின்று, பின்பக்கமாக மெதுவாக இறக்க வேண்டும். படியில் தூக்கும்போது சட்டத்தைப் பிடிக்க வேண்டும்; கைதாங்கியையோ கால்தாங்கியையோ பிடித்தால் அது கையோடு கழன்று வரலாம்.

உம்மா கதிரையில் இருந்தபடியே தொழுகிறார். ருகூஉவுக்கும் ஸுஜூதுக்கும் முன்னே குனியும்போது பாரம் முன்பக்கம் போகிறது. முன்னோக்கி ஓடி நின்ற கதிரையில் சின்னச் சில்லுகள் பின்பக்கம் மடங்கி இருக்கும். அந்த நிலையில் அதிகம் குனிந்தால் கதிரை முன்னால் கவிழலாம். ஆகவே தக்பீர் கட்டுவதற்கு முன் உம்மா கதிரையை ஒரு சாண் பின்னே எடுப்பார். சின்னச் சில்லுகள் சுழன்று முன்னே வந்துவிடும், கதிரைக்கு முன்கால் நீண்டதுபோல ஆகும். பிறகு இரண்டு பிரேக்கையும் போடுவார். கீழே விழுந்த நூற்கட்டையை எடுப்பதற்கும் இதே முறைதான். இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கதிரையில் இருந்தே கண்டுபிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை எங்கள் வீட்டில் கதிரை நாள். மூடுபனியும் மழையும் உள்ள ஊரில் இரும்புக்கு முதல் எதிரி ஈரம். ஆகவே முதலில் சேற்றைத் துடைத்து, காய்ந்த துணியால் ஈரம் எடுக்க வேண்டும். பிறகு காற்று, பிரேக், சின்னச் சில்லு. மாதத்துக்கு ஒரு முறை எல்லா நட்டுகளையும் இறுக்கிப் பார்ப்போம். ஆனால் கண்டபடி இறுக்கவும் கூடாது. சின்னச் சில்லு சுழலும் தண்டின் நட்டைத் தளரவிட்டால் ஓடும்போது சில்லு நடுங்கும். அளவுக்கு மேல் இறுக்கினால் சில்லு திரும்பாது. பெரிய சில்லின் கம்பிகளை இரண்டிரண்டாக விரலால் சேர்த்து அழுத்துவேன்; மற்றவற்றை விடத் தொளதொளவென்று ஒன்று இருந்தால் அது தளர்ந்த கம்பி. தளர்ந்த ஒரு கம்பியின் பாரத்தை மற்றவை சுமக்கும். நாளடைவில் சில்லே வளையும்.

"பொம்புளப் புள்ளைக்கு ஸ்பேனர் என்னத்துக்கு?" என்று கடைக்கு வந்த ஒருவர் வாப்பாவிடம் கேட்டார். வாப்பா சிரித்துக்கொண்டே, "அவட உம்மா வெளிய போறதுக்கு" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

டயர் வாங்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மலைநாட்டில் சைக்கிள் குறைவு, அதனால் சைக்கிள் கடையும் குறைவு. கவ்வாத்து வெட்டிய காலத்தில் பாதையில் கிடக்கும் மிலாறு குத்தினால் டியூபை ஒட்டித் தருபவர் ஓட்டோ கராஜில் இருக்கும் அண்ணன்தான். டயர் தேய்ந்தால் கண்டிக்குச் சொல்லிவிட வேண்டும். அப்போது "24 அங்குல டயர்" என்று மட்டும் சொன்னால் சிறுவர் சைக்கிளின் டயர் வந்து சேரலாம். இரண்டும் 24 அங்குலம்தான், ஆனால் ஒன்று மற்றதில் ஏறாது. டயரின் பக்கத்தில் 37-540 என்பது போல எழுதியிருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது எண் ரிம்மில் பொருந்தும் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். சிறுவர் சைக்கிளில் பெரும்பாலும் இரண்டாவது எண் 507. ஆகவே பழைய டயரின் எண்ணைப் பார்த்து எழுதி அனுப்புவதே வழி. காற்றடிக்கத் தேவையில்லாத கெட்டி டயரும் உண்டு. அது பஞ்சராகாது, ஆனால் எங்கள் கல்ரோட்டின் குலுக்கலை முழுவதும் முதுகுக்கே கொடுத்துவிடும்.

சக்கர நாற்காலியின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு ஓர் உண்மை பிடித்திருந்தது. அதைத் திருத்தியவர்களில் பலர் அதிலேயே உட்கார்ந்தவர்கள். 1655 இல் ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகருக்கு அருகே ஸ்டெபான் ஃபார்ஃப்ளர் என்ற கடிகாரக்காரர், நடக்க முடியாத தனக்காகக் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சில்லு வண்டியைச் செய்துகொண்டார். இன்று நாம் காணும் மடக்குக் கதிரையை 1930களில் அமெரிக்காவில் ஹரி ஜென்னிங்ஸ் என்ற பொறியியலாளருடன் சேர்ந்து உருவாக்கிய ஹெர்பர்ட் எவரெஸ்ட், சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த சுரங்கப் பொறியியலாளர். காரில் ஏற்றக்கூடிய கதிரை அவருக்குத் தேவைப்பட்டது. 1966 இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த ரால்ஃப் ஹொட்ச்கிஸ், 1980 இல் நிகரகுவாவுக்குப் போனார். அங்கே நான்கு இளைஞர்கள் ஒரே கதிரையைப் பகிர்ந்து பாவித்து, தாங்களே பழுதுபார்த்து வந்தார்கள். அவர் அவர்களிடம் கற்றுக்கொண்டார். கரடுமுரடான தரைக்கு ஏற்ற, உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்யவும் திருத்தவும் கூடிய கதிரைகளை உருவாக்குவதே பிறகு அவருடைய வாழ்நாள் வேலையாயிற்று. நூற்கட்டை எடுக்கக் கதிரையைப் பின்னே நகர்த்தும் என் உம்மாவும் அந்த வரிசையில் ஒருவர் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் எல்லா ஏலாமையையும் ஸ்பேனரால் கழற்ற முடியாது. கதிரை சரியாக இருந்தாலும் படி படிதான். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதே சரிவுப் பாதைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எங்கள் வீட்டுப் படி இரண்டும் சேர்ந்து ஓர் அடி. பன்னிரண்டு அடிக்கு நேராக இடமில்லை. ஆகவே வாப்பாவும் பணிய லயத்து அண்ணன்மாரும் நடுவில் சமதரை வைத்து, வளைத்துக் கட்டினார்கள். சீமெந்து காயுமுன் விளக்குமாற்றால் குறுக்கே கோடு இழுத்தார்கள், மழையில் வழுக்காமல் இருக்க. மூன்று படி உள்ள லயத்துக்குப் பதினெட்டு அடி வேண்டும். லயத்து வாசலில் அவ்வளவு இடம் எங்கே? அங்கே இருக்கும் ஒருவர் வெளியே வர நான்கு பேர் தூக்க வேண்டும். அந்த நான்கு பேரும் மலைக்கு வேலைக்குப் போன பகல் முழுவதும் அவர் காம்பராவுக்குள்தான்.

எமது நாட்டில் அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமாக உள்ளது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் தடையின்றிச் செல்ல வழி செய்யும் ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. அவை ஏட்டில் மட்டும் இருந்தபோது உயர் நீதிமன்றத்துக்குச் சென்றவர் கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா. இரசாயனவியலாளராகவும் கிரிக்கெட் நடுவராகவும் இருந்த அவர், 1992 இல் ஓடிக்கொண்டிருந்த காரின் மேல் மரம் விழுந்ததால் சக்கர நாற்காலிக்கு வந்தவர். புதிய பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளின்படி அமைய வேண்டும் என்ற உத்தரவை 2011 ஏப்ரலில் பெற்றார். 2020 இல் அவர் காலமானார். நம் ஊரில் புதிதாக ஒரு கட்டடம் எழும்போது, வாசலில் எத்தனை படி என்று எண்ணிப் பார்ப்பது அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

உலக சுகாதார நிறுவனம் 2008 இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒருவருக்குச் சக்கர நாற்காலி வழங்குவதை எட்டுப் படிகளாகப் பிரித்திருக்கிறது. அளவெடுப்பது, தெரிவது, பொருத்திப் பார்ப்பது, பாவிக்கப் பழக்குவது எல்லாம் அதில் வரும். எட்டாவது படி பராமரிப்பும் பழுதுபார்த்தலும். நமது ஊர்களில் கதிரை கொடுக்கும் நல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். மாலை போட்டு, படம் எடுத்து, கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆறு மாதத்தில் காற்றுப் போய், சில்லு இறுகி, அது இஸ்தோப்பின் மூலையில் விறகு வைக்கும் இடமாகிவிடும். கதிரையை மூலைக்குத் தள்ளினால் மனிதரையும் அதோடு மூலைக்குத் தள்ளிவிடுகிறோம்.

தோழிகளே, இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு காற்றுப் பம்ப், இரண்டு மூன்று ஸ்பேனர்கள், ஓர் அலன் கீ கட்டு, பஞ்சர் ஒட்டும் பசை, மெஷின் எண்ணெய்ப் போத்தல், பழைய துணி. இவ்வளவையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைக்கலாம். ஒவ்வொரு பாடசாலையிலும் அப்படி ஒரு டின் இருந்தால், மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான்கு மாணவியர் அதை எடுத்துக்கொண்டு அயலில் போனால், எத்தனை பேர் வாசலுக்கு வருவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

போகும்போது ஓர் ஒழுங்கு மட்டும் வேண்டும். கதிரையைத் தொடுவதற்கு முன் அதில் இருப்பவரிடம் கேளுங்கள். தள்ளுவதற்கு முன்னும் கேளுங்கள். அவருக்கு அது கால். எங்கே வலிக்கிறது, எங்கே முனகுகிறது என்று அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்வதைக் கேட்ட பிறகு குனிந்து, பெருவிரலால் டயரை ஒரு தரம் அழுத்திப் பாருங்கள். வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.